பனியில் சிக்கிய சக்கரமும் தானே விழும் பூட்டும்

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் சாலைகளின் தோற்றமே மாறிவிடும். இரவெல்லாம் பனி பொழியும். விடியற்காலையில் பனி ஒதுக்கும் வண்டிகள் வந்து சாலையின் நடுப்பகுதியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். ஒதுக்கிய பனி சாலையோரத்தில் மேடாகக் குவிந்து கிடக்கும். பகலில் அது சிறிது உருகும்; இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடி போல் இறுகிவிடும்.

அத்தகைய சாலையோரத்தில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சுமைத்தட்டும் கொண்ட சிறு லாரியைத்தான் பிக்கப் என்கிறார்கள். எஞ்சினின் சக்தி அதன் பின்சக்கரங்களுக்குப் போகிறது. வலப்பக்கப் பின்சக்கரம் பனிக்கட்டியின் மேல் இருக்கிறது. இடப்பக்கப் பின்சக்கரமோ காய்ந்த தார்ச்சாலையின் மேல் இருக்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். என்ன நடக்கும்?

பனிக்கட்டியின் மேலுள்ள சக்கரம் விர்ரென்று சுழல்கிறது. தார்ச்சாலையின் மேலுள்ள சக்கரம் அசையாமல் நிற்கிறது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நல்ல பிடிப்பு உள்ள சக்கரம் சும்மா நிற்கிறது. பிடிப்பே இல்லாத சக்கரம் வீணாகச் சுழல்கிறது! எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

காரணம், பின் அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருக்கும் இரும்புக் கூட்டினுள் இருக்கிறது. லாரிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள். அதனுள் இருக்கும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். அதை வேண்டும்போது செயலற்றதாக்கி, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரு பூட்டும் உண்டு. ஓட்டுநர் கை வைக்காமலே விழும் பூட்டு அது. அந்தப் பூட்டு செய்யும் உதவி என்ன, உபத்திரவம் என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வளைவில் இரு சக்கரங்கள்

பூட்டைப் பற்றி அறியுமுன் டிஃபரன்ஷியல் எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியில் அணிவகுப்பு நடக்கும்போது ஒரு வரிசை மாணவர்கள் வளைந்து திரும்புவதைப் பாருங்கள். உள்பக்கம் இருப்பவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி எட்டி நடை போடுகிறார். அப்போதுதான் வரிசை குலையாமல் திரும்பும்.

வண்டியின் சக்கரங்களுக்கும் இதே நிலைதான். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.6 மீட்டர் தூரம் என்று கொள்வோம். வண்டி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கால் வட்டம் திரும்புகிறது. உள்சக்கரத்தின் பாதை 5.2 மீட்டர் ஆரமுள்ளது. வெளிச்சக்கரத்தின் பாதை 6.8 மீட்டர் ஆரமுள்ளது. கணக்கிட்டால் உள்சக்கரம் ஓடும் தூரம் சுமார் 8.2 மீட்டர், வெளிச்சக்கரம் ஓடும் தூரம் சுமார் 10.7 மீட்டர். வித்தியாசம் 2.5 மீட்டர்.

வட்டத்தின் ஆரம் 6 மீட்டராக இல்லாமல் 60 மீட்டராக இருந்தாலும் இந்த 2.5 மீட்டர் வித்தியாசம் மாறாது. ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சக்கர இடைவெளியும் திரும்பும் கோணமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. பிக்கப் வண்டியின் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.4 மீட்டர். ஆகவே ஒவ்வொரு தெருமுனையில் திரும்பும்போதும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுழன்றாக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு டப்பா மூடிகளின் நடுவே துளையிட்டு, ஒரு மூங்கில் குச்சியின் இரு முனைகளிலும் செருகி, மெழுகால் இறுக ஒட்டுங்கள். சிமெண்டுத் தரையில் மெல்லிய மணல் தூவி அதை நேராக உருட்டுங்கள். அழகாக உருளும். இப்போது வட்டமாக உருட்டப் பாருங்கள். ஏதாவது ஒரு மூடி மணலைத் தேய்த்துக்கொண்டு இழுபடும். பிறகு ஒரு மூடியின் மெழுகை மட்டும் எடுத்துவிட்டு, அது குச்சியில் தாராளமாகச் சுழலும்படி செய்யுங்கள். இப்போது எந்த வளைவிலும் தேய்ப்பு இல்லை.

நம் மாட்டுவண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் அச்சு சுழல்வதில்லை. இரண்டு சக்கரங்களும் கடையாணிக்கு உள்ளே தனித்தனியாகச் சுழல்கின்றன. வண்டியை இழுப்பவை மாடுகள். சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. மோட்டார் வண்டியில் அப்படி விட முடியாது. எஞ்சின் அச்சின் வழியாகச் சக்கரங்களையே சுழற்றித்தான் வண்டியைத் தள்ளுகிறது. இரண்டு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். ஆனால் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். இது எப்படி முடியும்?

இரும்பில் ஒரு நுகத்தடி

இந்தப் புதிருக்கு விடை கண்டவர்களில் ஒருவர் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரம் செய்யும் தொழிலில் தேர்ந்தவர். நீராவியால் ஓடும் ஒரு வண்டிக்காக 1828-ஆம் ஆண்டில் அவர் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய செய்தி இது.

பின் அச்சு ஒரே தண்டாக இல்லாமல் நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் அரைத்தண்டின் உள்முனையிலும் ஒரு கூம்புப் பற்சக்கரம் இருக்கிறது. இவ்விரண்டும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு நடுவே சிறிய பினியன் பற்சக்கரங்கள் இரண்டு பக்கமும் பல் கோத்து நிற்கின்றன. எஞ்சின் சுழற்றுவது இந்தப் பினியன்களைத் தாங்கும் கூட்டைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர்க்காலில் நடுவில் மட்டும் கட்டப்பட்ட நுகத்தடியின் இரு முனைகளிலும் இரு மாடுகள். இரண்டும் சமமாக நடந்தால் நுகத்தடி நேராகச் செல்லும். ஒரு மாடு பின்தங்கினால் நுகத்தடி சாயும். மற்றது அந்த அளவு முந்தும். டிஃபரன்ஷியலின் பினியன் அத்தகைய ஒரு நுகத்தடிதான். வித்தியாசம் என்னவென்றால், இது வட்டமாக இருப்பதால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சாய்ந்துகொண்டே போகலாம்! மற்றொன்று, இங்கே விசை முனைகளிலிருந்து நடுவுக்கு வரவில்லை. நடுவிலிருந்து முனைகளுக்குப் போகிறது.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, இரு சக்கரங்களின் வேகம் எப்படி வேண்டுமானாலும் வேறுபடலாம். ஒன்று குறைந்த அளவுக்கு மற்றது கூடும். இரண்டாவது, இரு சக்கரங்களுக்கும் போகும் முறுக்கு விசை எப்போதும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். நுகத்தடியின் நடுவில் தாங்கினால் இரு முனைகளிலும் சம விசை இருந்தால்தானே அது நிலைகொள்ளும்?

சமநீதி தந்த சங்கடம்

இந்த இரண்டாவது விதிதான் பனியில் காலை வாரிவிடுகிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நம் பிக்கப் வண்டியின் மொத்த எடை 2,000 கிலோ என்றும், ஒவ்வொரு பின்சக்கரமும் 400 கிலோவைத் தாங்குகிறது என்றும் கொள்வோம். சக்கரம் தரையை எவ்வளவு விசையுடன் தள்ள முடியும் என்பதை உராய்வுக் கெழு சொல்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் அதை 0.8 என்றும், பனிக்கட்டியில் 0.1 என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனவே தார்ச்சாலையிலுள்ள சக்கரம் 320 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ள முடியும். பனிக்கட்டியிலுள்ள சக்கரமோ 40 கிலோவுக்கு மேல் தள்ள முடியாது. அதற்கு மேல் போனால் வழுக்கிவிடும்.

இரு சக்கரங்களுக்கும் சம விசை என்பது விதி. பனிக்கட்டியிலுள்ள சக்கரம் 40 கிலோவுக்கு மேல் எதிர்ப்புக் காட்டாதபோது, நல்ல சக்கரத்துக்கும் 40 கிலோதான் கிடைக்கும். மொத்தம் 80 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் சிறிய ஏற்றத்தில் இந்த வண்டி ஏற வேண்டுமானால் சுமார் 200 கிலோ விசை தேவை. 80 கிலோ எந்த மூலைக்கு? ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பனிக்கட்டியிலுள்ள சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலுமே தவிர, விசை கூடாது.

இப்போது இரண்டு அரைத்தண்டுகளையும் எப்படியாவது ஒன்றாகப் பிணைத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். சமவிசை விதி மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சக்கரமும் தன்னால் முடிந்த அளவு தள்ளலாம். 40 கிலோவும் 320 கிலோவும் சேர்ந்து 360 கிலோ. வண்டி ஏற்றத்தில் ஏறிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், திறந்த டிஃபரன்ஷியல் விசையைச் சமமாக்கி வேகத்தை விட்டுக்கொடுக்கிறது. பூட்டிய டிஃபரன்ஷியல் வேகத்தைச் சமமாக்கி விசையை விட்டுக்கொடுக்கிறது. இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் எல்லாமே எளிதில் விளங்கும்.

மூன்றாவதாக ஒரு கணக்கையும் போட்டுவிடுவோம். இரண்டு சக்கரங்களுமே பனிக்கட்டியின் மேல் இருந்தால்? பூட்டாவிட்டால் 40-ம் 40-ம் சேர்ந்து 80 கிலோ. பூட்டினாலும் அதே 80 கிலோதான்! இல்லாத பிடிப்பைப் பூட்டு உண்டாக்கிவிடாது. இருக்கிற பிடிப்பை வீணாகாமல் பயன்படுத்த மட்டுமே அது உதவும்.

கைப் பூட்டிலிருந்து தானியங்கிப் பூட்டுக்கு

இந்தப் பூட்டு நம் ஊர் உழவர்களுக்குப் புதியதல்ல. டிராக்டரில் ஓட்டுநரின் காலருகே டிஃபரன்ஷியல் பூட்டுக்கென்று ஒரு பெடல் இருக்கும். சேற்று வயலில் ஒரு சக்கரம் புதைந்து வீணாகச் சுழலும்போது அதை மிதித்தால் மறு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வயலை விட்டுக் கரையேறியதும் பூட்டை எடுத்துவிட வேண்டும். பூட்டோடு திரும்பக்கூடாது என்பது பாலபாடம்.

ஆனால் சாலையில் விரைந்து செல்லும் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் பெடலைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? தானாகவே இயங்கும் ஏற்பாடு வேண்டும். பந்தயக் கார்களில் இத்தேவை முதலில் உணரப்பட்டது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் சக்தி மிகுதியால் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழன்றது. அதைத் தடுக்க 1935-இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்து தந்தது. அமெரிக்காவில் 1956-இல் பேக்கார்டு நிறுவனம் இவ்வகை டிஃபரன்ஷியலைப் பொதுமக்கள் வாங்கும் கார்களில் கொண்டுவந்தது. இவற்றில் உராய்வு இரு அரைத்தண்டுகளையும் ஓரளவு பிணைக்கும். ஆனால் முழுவதும் பூட்டாது.

முழுவதும் பூட்டும் தானியங்கி வகைகளில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் வகை, எப்போதும் பூட்டியே இருப்பது. வளைவில் மட்டும் திறப்பது. டெட்ராய்ட் லாக்கர் என்ற பெயரில் இது புகழ்பெற்றது. இதில் பினியன் பற்சக்கரங்களே கிடையாது. நடுவில் பற்கள் கொண்ட ஒரு வளையம். அதன் இருபுறமும் பல் கோத்த இரு கிளட்சுகள். நேராக ஓடும்போது இரண்டும் கோத்துக்கொண்டு இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழற்றும். வளைவில் வெளிச்சக்கரத்தைத் தரையே வேகமாக உருட்டுகிறது அல்லவா? அப்போது அந்தப் பக்கத்துக் கிளட்சு ஒரு சரிவின் மேல் ஏறிப் பல்லை விட்டு விலகிக்கொள்ளும். வளைவு முடிந்ததும் வில்கம்பி அதை மீண்டும் உள்ளே தள்ளும்.

இரண்டாம் வகை, எப்போதும் திறந்தே இருப்பது. வழுக்கும்போது மட்டும் பூட்டுவது. ஈட்டன் நிறுவனம் செய்த இது, 1973-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்தது. இதன் மூளையாக இருப்பது ஒரு சிறு கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788-இல் தமது நீராவி எஞ்சினில் வைத்த, சுழலச் சுழல விரியும் குண்டுகளின் தத்துவமே இங்கும். இரு சக்கரங்களின் வேகத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டியதும், கவர்னரின் குண்டுகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிடி ஒரு சரிவுத் தட்டைத் திருப்பும். அது உராய்வுத் தட்டுகளை இறுக்கி நெரிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் பூட்டு விழுந்துவிடும்.

சாதாரண வளைவில் இந்தப் பூட்டு தவறாக விழுந்துவிடாதா? நாம் முன்பு பார்த்த 6 மீட்டர் வளைவில் வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்பினால், இரு சக்கரங்களுக்கும் இடையே வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 28 சுற்றுகள்தான். நூறுக்கு வெகு கீழே. ஆகவே பயமில்லை. மேலும் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால் கொக்கியே மைய விலக்கு விசையால் ஒதுங்கிக்கொள்ளும், பூட்டு விழாது. வேகமாகச் செல்லும் வண்டியில் திடீரெனப் பூட்டு விழுந்தால் ஆபத்து என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. நம் நாட்டில் 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளிலும் இத்தகைய பூட்டு உண்டு.

அன்றாட ஓட்டத்தில்

நல்ல சாலையில் தினமும் ஓட்டும்போது இந்த இரு வகைகளும் எப்படி நடந்துகொள்கின்றன?

திறந்தே இருக்கும் இரண்டாம் வகையை ஓட்டுநர் பெரும்பாலும் மறந்தேவிடலாம். சாதாரண டிஃபரன்ஷியல் போலவே அது நடந்துகொள்கிறது. சக்கரம் வழுக்கும்போது மட்டும் ஒரு கணம் சுழன்று, பின்னாலிருந்து தடால் என்ற ஓசையுடன் பூட்டு விழும்.

எப்போதும் பூட்டியிருக்கும் முதல் வகை அப்படியல்ல. தான் இருப்பதை அது அடிக்கடி அறிவித்துக்கொண்டே இருக்கும். தெருமுனையில் திரும்பும்போது பற்கள் விலகிச் சேரும் கடகட ஓசை கேட்கும். பழக்கமில்லாதவர்கள் அச்சே முறிந்துவிட்டதோ என்று பதறுவதுண்டு. வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் மட்டுமே தள்ளும். அது வண்டியை வளைவுக்கு வெளியே தள்ளப் பார்க்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் விசை ஒரு சக்கரத்திலிருந்து மற்றதற்குத் தாவும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். நீளமான வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. குட்டையான வண்டியில் நன்றாகத் தெரியும்.

டயர்களையும் கவனிக்க வேண்டும். ஒரு டயர் புதிது, மற்றது தேய்ந்தது என்றால் இரண்டின் சுற்றளவும் வேறு. நேரான சாலையிலும் பூட்டு விலகிச் சேர்ந்துகொண்டே இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காற்றழுத்தம் மாறுபட்டாலும் இதே தொல்லைதான்.

பனிக்காலத்தில்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பனிக்காலத்துக்கு இந்தப் பூட்டு நல்லதா, கெட்டதா?

புறப்படும்போது நல்லது. சாலையோரப் பனிமேட்டிலிருந்து வெளியே வர, ஒரு பக்கம் மட்டும் உறைந்த ஏற்றத்தில் ஏற, பனி மூடிய பண்ணைப் பாதையில் நேராகச் செல்ல, இதைப் போன்ற துணை வேறில்லை. நாம் போட்ட கணக்கில் 80 கிலோ 360 கிலோவாக உயர்ந்ததை மறந்துவிடவில்லையே?

ஆனால் வளைவு வந்தால் கதை மாறுகிறது. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஒரு சேமிப்புப் பணம் போன்றது. முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். பக்கவாட்டில் வழுக்காமல் நிற்பதற்கும் அதிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். வீணாகச் சுழலும் சக்கரம் தன் சேமிப்பு முழுவதையும் சுழற்சியிலேயே தீர்த்துவிடுகிறது. பக்கவாட்டில் பிடித்து நிற்க அதனிடம் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வழுவழுப்பான வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அதிகமாக மிதித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் சுழலும். மற்றது அமைதியாக உருண்டு, வண்டியின் பின்பாகத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி முன்னேறாது; ஆனால் சாலையை விட்டு விலகவும் செய்யாது. பூட்டிய டிஃபரன்ஷியலில் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். பின்பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. வண்டியின் வால் வளைவுக்கு வெளியே வீசப்படும்.

வளைவுகூட வேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை நடுவில் உயரமாகவும் ஓரங்களில் சரிவாகவும் அமைப்பார்கள். அந்தச் சரிவில் பனிக்கட்டியின் மேல் இரு சக்கரங்களும் சுழன்றால், வண்டி முன்னே போவதற்குப் பதிலாக மெல்ல மெல்லப் பள்ளத்தை நோக்கி நழுவும்.

வழுக்கும்போது மட்டும் பூட்டும் வகையிலும் ஒரு கவனம் வேண்டும். பூட்டு விழ வேண்டுமானால் முதலில் ஒரு சக்கரம் சுழன்றாக வேண்டும். நாற்சந்தியில் நின்றிருந்த வண்டி, பனியில் புறப்பட்டு உடனே திரும்புகிறது. உள்சக்கரம் வழுக்குகிறது, வித்தியாசம் நூறு சுற்றுகளைத் தாண்டுகிறது, திருப்பத்தின் நடுவிலேயே பூட்டு விழுகிறது. எதிர்பாராத ஓட்டுநருக்கு வண்டி சட்டெனப் பக்கவாட்டில் நகர்வது திகைப்பாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிப்பவருக்கு இந்த நிலை பெரும்பாலும் வருவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இயந்திரத்தில் இல்லை. ஓட்டுபவரின் மனத்தில் இருக்கிறது. பூட்டு இருப்பதால் வண்டி பனியிலும் தயக்கமின்றிப் புறப்படுகிறது. உடனே சாலை நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. வேகத்தைக் கூட்டுகிறார். ஆனால் வண்டியை நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான். பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். உராய்வுக் கெழு 0.2 உள்ள இறுகிய பனியில் சுமார் 49 மீட்டர் ஓடும். 0.1 உள்ள பனிக்கட்டியில் 98 மீட்டர் ஓடும்! பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தூரத்தில் ஓரடியும் குறையாது. புறப்படும்போது சக்கரங்கள் வழுக்கினால் அது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை மணியைப் பூட்டு அடக்கிவிடுகிறது என்றே சொல்லலாம்.

பிரேக்கே பூட்டான கதை

இன்றைய வண்டிகள் பலவற்றில் வேறொரு வழியும் உண்டு. டிஃபரன்ஷியல் திறந்தே இருக்கும். எந்தச் சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்பதை உணர்கருவிகள் கண்டுபிடிக்கும். கணிப்பொறி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கும்.

சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்தால் நன்மை என்ன? சமவிசை விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பனிக்கட்டியிலுள்ள சக்கரத்துக்குத் தரையிலிருந்து 40 கிலோ எதிர்ப்பு. பிரேக் இன்னும் 280 கிலோவுக்குச் சமமான எதிர்ப்பைச் சேர்க்கிறது. ஆக மொத்தம் 320. அப்படியானால் மறு சக்கரத்துக்கும் 320 கிடைத்தாக வேண்டும்! எந்த விதி முன்பு காலை வாரியதோ, அதே விதி இப்போது கை கொடுக்கிறது. ஆனால் எஞ்சின் கூடுதலாகத் தரும் 280 கிலோ விசையின் உழைப்பு பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. அதனால் ஆழமான பனியிலும் சேற்றிலும் நெடுநேரம் போராடுவதற்கு இயந்திரப் பூட்டே மேல்.

வண்டி பக்கவாட்டில் சுழலத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்து அதை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு மாடலிலிருந்து புதிய கார்களிலும் சிறு லாரிகளிலும் அது கட்டாயமாயிற்று. பூட்டு வால் வீசச் செய்யும் சமயத்தில் ஓரளவு காப்பாற்றுவது இதுவே.

நினைவில் கொள்ள வேண்டியவை

பனிநாட்டில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பூட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. பனிக்காலம் வந்ததும் அதற்கென உள்ள டயர்களை மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும். பனிக்கால டயரின் ரப்பர் மென்மை மாறாமல் தரையைக் கவ்வும். இது பிடிப்பையே கூட்டுகிறது. ஆகவே புறப்படவும் திரும்பவும் நிற்கவும் மூன்றுக்கும் உதவுகிறது. பூட்டோ முதல் காரியத்துக்கு மட்டுமே உதவும்.

பிக்கப் வண்டியில் எஞ்சின் முன்னால் இருப்பதால், சுமை இல்லாதபோது பின்சக்கரங்களின் மேல் எடை குறைவு. ஆகவே சுமைத்தட்டில் பின் அச்சுக்கு மேலாக மணல் மூட்டைகளைக் கட்டி வைப்பார்கள். எடை கூடினால் பிடிப்பும் கூடும். எங்காவது சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தின் முன் தூவவும் செய்யலாம். ஒரு மூட்டைக்கு இரண்டு பயன்!

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்காமலும் விடாமலும் இருப்பதும், முன்னே செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே மிகுந்த இடைவெளி விடுவதும் அவர்களுடைய வழக்கம். கைப் பூட்டு உள்ளவர்கள் இக்கட்டிலிருந்து மீண்டதும் முதல் வேலையாகப் பூட்டை எடுத்துவிடுகிறார்கள்.

பெக்கர் சக்கரங்களுக்கு வேகத்தில் சுதந்திரம் கொடுத்தார். பின்னால் வந்த பொறியியலாளர்கள் தேவைப்பட்டபோது அந்தச் சுதந்திரத்தைத் திரும்பப் பெறும் வழியைக் கண்டார்கள். எப்போது கொடுப்பது, எப்போது பறிப்பது என்பதை ஒரு கவர்னரும் கொக்கியும் ஓரளவு தீர்மானித்துவிடும். சாலை எவ்வளவு வழுக்கும், எவ்வளவு வேகம் தகும் என்பதை மட்டும் ஓட்டுநர்தான் தீர்மானிக்க வேண்டும்.